புழுதியில விதைக்கத் தெரியுமா?

உங்ககிட்ட ஒரு சின்னக் கேள்வி.

‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று நீங்க ஒத்திப்போட்டு வெச்சிருக்கிற விஷயம் எது? கரன்ட் பில்லையோ கேஸ் புக்கிங்கையோ சொல்லலை. அதையெல்லாம் எப்படியும் கடைசி நாள்ல முடிச்சிடுவீங்க. நான் கேட்கிறது வேற. கையில் தட்டுப்பட்டும் டாக்டரிடம் காட்டாத கட்டி. எழுதி வைக்காத உயில். மூணு வருஷமாகப் பேசாத அண்ணன். ‘வாங்கினவரே மறந்திருப்பார்’ என்று நீங்களே முடிவு பண்ணிக்கொண்ட ஒரு பழைய கடன்.

ஞாபகம் வந்துடுச்சா? அதை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு மேலே படிங்க.

ஏன் இன்னும் செய்யலை என்று கேட்டால், சாமி நம்பிக்கை இல்லாதவர் ‘டைமே இல்லை சார்’ என்பார். நம்பிக்கை உள்ளவரிடம் அதைவிட அழகான பதில் ஒன்று இருக்கிறது. ‘பாரத்தை ஆண்டவன் மேல போட்டுட்டேன். நேரம் வரும்போது நடக்கும்!’ அதிலும் கிறிஸ்தவராக இருந்தால் இன்னும் பக்குவமாகச் சொல்வார்... ‘ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கேன் பிரதர். கர்த்தருடைய வேளை வரணும்.’

எனக்குக் கோபம் வருவது இந்தப் பதில் மேல்தான். சோம்பேறித்தனத்துக்குக்கூட ஒரு நேர்மை உண்டு. ‘முடியலை, அலுப்பா இருக்கு’ என்று ஒப்புக்கொள்ளும். இந்தப் பதில் சோம்பலுக்கு அங்கி மாட்டி, பீடத்தில் ஏற்றி உட்கார வைக்கிறது. யாரும் எதிர்த்துக் கேட்க முடியாது பாருங்க... கடவுள் பெயரை இழுத்தாச்சே!

எட்டயபுரம் போகிறவர்கள் பாரதி பிறந்த வீட்டைப் பார்ப்பார்கள். மணிமண்டபத்தைப் பார்ப்பார்கள். (பாரதி மறைந்தது 1921-ல். மண்டபம் திறந்தது 1947-ல். ஒத்திப்போடுவதில் நாம் தனித்தனியாக மட்டுமல்ல, கூட்டாகவும் கெட்டிக்காரர்கள்!) நான் சொல்ல வருவது ஊருக்கு வெளியே, விளாத்திகுளம் ரோட்டுப் பக்கம் விரிந்து கிடக்கிற கரிசல் காட்டைப் பற்றி.

ஒரு புரட்டாசியில் அங்கே போயிருந்தேன். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மண் வெடித்துக் கிடந்தது. அந்தப் புழுதியில் ஒருத்தர் சோளம் விதைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்தவர்தான். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். பெயர் வேண்டாம், அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம்.

“என்ன அண்ணாச்சி, மழையே இல்லை. இப்பப் போயி வெதைக்கிறீங்க?”

சிரித்தார். “மழை விழுந்த பெறவு இந்தக் காட்டுக்குள்ள நீங்க கால் வைக்க முடியாது தம்பி. முழங்கால் வரைக்கும் இழுத்துக்கிடும்.”

விஷயம் இதுதான். கரிசல் மண் தண்ணீர் குடித்தால் களியாகிவிடும். மாடும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. காய்ந்து பதம் வருவதற்குள் பல நாள் ஓடிவிடும். இது மானாவாரி பூமி. வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி, பருத்தி, உளுந்து, பாசி, சோளம், கம்பு விளைகிற காடு. டிசம்பரோடு மழை ஓய்ந்துவிடும். விதைப்பு இரண்டு வாரம் தள்ளினால், கதிர் பிடிக்கிற நேரத்தில் மண்ணில் ஈரம் இருக்காது. அதனால் மழைக்கு முன்னாலேயே, செப்டம்பர் கடைசியை ஒட்டி, காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிடுகிறார்கள். 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைப்பதும் இந்த முன்பருவ விதைப்பைத்தான்.

உடனே, ‘ஆஹா, குருட்டு நம்பிக்கை!’ என்று முடிவு கட்டாதீங்க. விதையை உப்புக் கரைசலில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, வறட்சி தாங்குகிற மாதிரி கடினப்படுத்துகிறார்கள். சும்மா ஒரு தூறலுக்கு முளைத்துக் கருகிவிடக் கூடாது என்பதற்காக, இரண்டு அங்குல ஆழத்தில் போடுகிறார்கள். நல்ல மழை விழுந்தால்தான் அந்த ஆழத்துக்கு ஈரம் இறங்கும். தன்னால் முடிந்த வேலை அத்தனையையும் செய்து முடித்துவிட்டு, தன்னால் முடியாத ஒன்றே ஒன்றுக்காக மட்டும் வானத்தைப் பார்க்கிறான் கரிசல் விவசாயி.

நம்பிக்கை என்றால் இது! மழை விழுந்த பிறகு விதைப்பதற்கு எதற்கு நம்பிக்கை? அதற்குக் குடை போதும்.

‘கர்த்தருடைய வேளை’ என்று சொல்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நீங்க கையில் வைத்திருக்கிற வேதாகமத்தையே கொஞ்சம் திறந்து பாருங்க. பிரசங்கி 11-ம் அதிகாரத்தில் ஒரு ஆள் வருகிறான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பவன். அவன் விதைக்கவே மாட்டான் என்கிறது வேதம். மேகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அறுப்பும் கிடையாது. எட்டயபுரத்துக்கென்றே எழுதினது மாதிரி இல்லையா?

உடனே ஒருத்தர் கை தூக்குவார். ‘பொறுமையாகக் காத்திருக்கச் சொல்லியும் இருக்கே! யாக்கோபு நிருபத்தில் பயிரிடுகிறவன் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கிறானே!’

இருக்கு சார், 5-ம் அதிகாரம். ஆனா, அந்த விவசாயி எப்போது காத்திருக்கிறான்? விளைச்சலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறான். அப்படியென்றால் விதைப்பு முடிந்துவிட்டது என்று அர்த்தம். விதைக்காதவன் காத்திருப்பதற்குப் பெயர் பொறுமை இல்லை, வேடிக்கை. அதே யாக்கோபுதான் 2-ம் அதிகாரத்தில், செயல் இல்லாத விசுவாசத்தைச் செத்துப்போனது என்கிறார். 4-ம் அதிகாரத்தில், நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத நீ, ஒரு புகை மாதிரி என்று குட்டு வைக்கிறார். அதே அதிகாரத்தை முடிக்கும்போது இன்னும் கடுமை... செய்யவேண்டிய நல்லது இன்னதென்று தெரிந்தும் செய்யாமல் இருந்தால், அது பாவம். பலவீனம் என்றோ, ‘என் சுபாவமே அப்படி’ என்றோ அவர் சலுகை தரவில்லை.

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களே, நைஸாக நழுவாதீங்க! நம்ம வள்ளுவர் ‘மடியின்மை’ என்று ஒரு அதிகாரமே போட்டவர். கெட்டுப்போகிறவர்கள் ஆசை ஆசையாக ஏறுகிற தோணிகள் நாலு என்று பட்டியல் போடுகிறார். மறதி, சோம்பல், தூக்கம் மூன்றும் பின்னால்தான் வருகின்றன. முதல் இடம் காலத்தை நீட்டிப் போடுவதற்கு!

சரி, நாம் ஏன் ஒத்திப்போடுகிறோம்? சோம்பலா? பல நேரம் இல்லை. ஒத்திப்போடுகிற ஆள் சும்மாவா இருக்கிறார்? அலமாரியை அடுக்குவார், பேனாவுக்கு மை போடுவார், நாலு பேருக்கு உதவிகூடச் செய்வார். அந்த ஒரு வேலையை மட்டும் தொட மாட்டார். 2013-ல் சிரோயிஸ், பிச்சில் என்கிற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைத்தான் எழுதினார்கள். நேரத்தை நிர்வகிக்கத் தெரியாததல்ல இதற்கு வேர்; அந்த வேலையை நினைத்தாலே மனசில் எழுகிற சங்கடத்திலிருந்து இந்த நிமிஷம் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பதுதான் என்றார்கள். அதனால்தான் புது டைரி வாங்கியும், செல்போனில் புது ஆப் போட்டும் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் கண்ணீர் விட்டு, வாக்குத்தத்த அட்டை வாங்கி வந்து ஃப்ரிட்ஜில் ஒட்டினாலும் ஆவதில்லை. அட்டை சொல்வது ஆண்டவர் செய்யப்போவதை. நாம் செய்யவேண்டியது எந்த அட்டையிலும் அச்சாகியிருக்காது!

மத்தேயு 25-ல் இயேசு சொல்கிற தாலந்து கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எஜமான் மூன்று வேலைக்காரர்களிடம் பணம் கொடுத்துவிட்டு வெளியூர் போகிறார். இரண்டு பேர் வியாபாரம் செய்து பெருக்குகிறார்கள். மூன்றாவது ஆள் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறான். ஏன் என்று கேட்டால் என்ன காரணம் சொல்கிறான்? பயம்! ‘நீங்க கறாரான ஆளு, அதனால பயந்தேன்’ என்கிறான். எஜமான் அவனைச் சோம்பேறி என்று திட்டுகிறார். ஆனால், சோம்பலுக்கு அடியில் இருந்தது பயம்தான் என்று அவன் வாயாலேயே வருகிறது.

அவன் புதைத்ததும் மண்ணில்தான். எங்க அண்ணாச்சி விதைத்ததும் மண்ணில்தான். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாமல் போகிற காரியம்தான். ஒருத்தன் பயத்தால் உள்ளே போட்டான், இன்னொருத்தர் நம்பிக்கையால் போட்டார்.

கிறிஸ்தவம் இந்தப் பயத்துக்கு ஒரு மருந்து வைத்திருக்கிறது. நீ ஜெயித்துக் காட்டிய பிறகு கடவுள் உன்னை ஏற்றுக்கொள்வதில்லை. முன்னாலேயே ஏற்றுக்கொண்டுவிட்டார் என்பது அதன் அடிப்படை. அதை நிஜமாகவே நம்புகிறவனுக்குத் தோற்றுவிடுவோமோ என்று நடுக்கம் எதற்கு? பரீட்சை ரிசல்ட் முன்கூட்டியே வந்துவிட்ட மாணவன் மாதிரி அவன் தைரியமாக உட்கார்ந்து எழுதலாம். ஆனால், அந்த மருந்தையே தூக்க மாத்திரையாக முழுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டால் என்ன செய்வது?

இதே கரிசல் சீமையில் ஒரு மனுஷர் இருந்தார். தாமஸ் ராக்லண்ட். கேம்பிரிட்ஜில் படித்து, சென்னையில் சர்ச் மிஷன் சங்கத்தின் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்தவர். ஆரோக்கியமான உடம்பு இல்லை. ‘உடம்பு தேறட்டும்’ என்று காரணம் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. 1854-ல் நாற்காலியை விட்டுவிட்டு, சிவகாசியை மையமாக வைத்து, வட திருநெல்வேலிக் கிராமங்களில் கூடாரம் போட்டு அலைய ஆரம்பித்தார். 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே இறந்துபோனார். வயது 43. மிஷனரிகளைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் எதுவாகவும் இருக்கட்டும். கையில் இருந்த நாலு வருஷத்தை அவர் உடம்பு தேறுவதற்காகச் சேமித்து வைத்துக்கொண்டிருக்கவில்லை.

அதற்காக, எல்லாவற்றையும் அவசர அவசரமாகச் செய்யுங்கள் என்று சொல்லலை. இடையன்குடிக்குப் போய்ப் பாருங்க. கால்டுவெல் கட்டிய தேவாலயம் நிற்கிறது. 1847-ல் ஆரம்பித்து 1880-ல் முடிந்தது. 33 வருஷம்! இது ஒத்திப்போட்டதா? இல்லை. வேலை மெதுவாக நடந்தது, அவ்வளவுதான். நடுவில், 1856-ல், அவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தையே வெளியிட்டார். ஆரம்பித்த வேலை முடிய எத்தனை வருஷமும் ஆகலாம். ஆரம்பிக்காத வேலைக்கு மட்டும் கணக்கே கிடையாது.

சரி, இவ்வளவு சூடு எதற்கு? அவனவன் வேலையை அவனவன் தள்ளிப்போட்டால் உனக்கென்ன என்கிறீர்களா?

நஷ்டம் தள்ளிப்போடுகிறவனுக்கு மட்டும் என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். அப்போஸ்தலர் நடபடிகள் 24-ம் அதிகாரத்தில் பேலிக்ஸ் என்று ஒரு ரோமானிய ஆளுநர். கைதியாக நிற்கிற பவுல், நீதியையும் வரப்போகிற நியாயத்தீர்ப்பையும் பற்றிப் பேசப் பேச, அவருக்கு உள்ளே நடுக்கம் எடுக்கிறது. ‘இப்போ போ, நேரம் கிடைக்கும்போது கூப்பிடுறேன்’ என்று அனுப்பிவிடுகிறார். நடுவில் லஞ்சம் வருமா என்று எதிர்பார்ப்பு வேறு! விளைவு? பேலிக்ஸ் மாளிகையில் சௌக்கியமாக இருந்தார். ஜெயிலில் இரண்டு வருஷம் கிடந்தவர் பவுல்.

நாம் ‘அப்புறம்’ என்று சொல்லும்போதெல்லாம், எங்கேயோ ஒருத்தர் அதற்கு விலை கொடுக்கிறார்.

அன்றைக்கு விதைப்பு முடிந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அண்ணாச்சியே சொன்னார். அவருக்கு ஒரு தம்பி. பொழித் தகராறில் பேச்சு நின்றுபோய்ப் பதினோரு வருஷம். ஒரே ஊர். நாலு வீடு தள்ளித்தான் வீடு.

“தினம் ராத்திரி ஜெபத்துல எளையவன் பேரைச் சொல்லுவேன் தம்பி. ஒரு நாள் விட்டதில்ல. ‘ஆண்டவரே, அவன் மனசை மாத்தும்’னு அழுதுருக்கேன். போய்ப் பாக்கணும்னுதான் இருந்தேன். அறுப்பின் பண்டிகை கழியட்டும்னு நெனைச்சேன். பெறவு கிறிஸ்மஸ் வரட்டும்னு நெனைச்சேன். பெறவு மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போறப்ப பேசிக்கிடலாம்னு இருந்தேன்...”

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை, நெஞ்சு வலி என்று தம்பியைக் கோவில்பட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது உயிர் இல்லை.

“காணிக்கையை அங்கேயே வச்சுட்டு, மொதல்ல போயி சகோதரன்கிட்ட ஒப்புரவாகுனு வேதத்துல இருக்கு. அதை நானே ஞாயித்துக்கிழமைப் பள்ளிக்கூடத்துல எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்! மழைக்கு நான் காத்துக்கிட்டு இருந்ததில்ல தம்பி. புழுதியிலயே வெதைப்பேன். எளையவன் விஷயத்துல மட்டும் அவன் மனசு எளகட்டும், பெறவு போவோம்னு மேகத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்.”

அதற்கு மேல் அவர் பேசவில்லை. எனக்கும் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. எழுந்திருக்கும்போதுதான் கவனித்தேன். பொழிக்கு அந்தப் பக்கம் இருந்த காட்டிலும் விதைப்பு முடிந்திருந்தது. “எளையவன் மகன் திருப்பூர்ல வேலை பாக்கான். அவன் காட்டையும் நான்தான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

நீங்க எந்தக் கோயிலுக்குப் போகிறவராகவும் இருங்க. எந்தக் கோயிலுக்குமே போகாதவராகவும் இருங்க. ஜெபம் பண்ணுங்க, வேண்டாம் என்று நான் சொல்லலை. ஆனா, முழங்காலில் இருந்து எழுந்திருக்கும்போது கால் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்க. மறுபடியும் கட்டிலுக்கா, அந்த நாலாவது வீட்டுக்கா?

முழுசாகச் செய்ய வேண்டாம். இன்றைக்கு ஒரு விதை போதும். டாக்டரிடம் ஒரு அப்பாயின்ட்மென்ட். அண்ணனுக்கு ஒரு ஃபோன். ‘நான்தான் பேசுறேன்’ என்ற ஒரு வார்த்தை. எதிர்முனையில் டொக்கென்று வைத்துவிடலாம். பரவாயில்லை, அது மழையின் பாடு. விதைப்பு மட்டும்தான் உங்கள் பாடு.

முதல் பாராவில் ஒன்றைக் கையில் பிடிக்கச் சொன்னேனே, இன்னும் இருக்கிறதா?

பத்திரிகையை மூடிவிட்டு அதைச் செய்யுங்க. அடுத்த பக்கத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இதை மட்டும் தாராளமாகத் தள்ளிப்போடுங்க!