பரண்களைத் திறவுங்கள், தோழர்களே!

எழுதுகிற தோழர்களே!

எழுத்தாளர் ஒருவர் இறந்தால் நாம் கூடிவிடுகிறோம். அஞ்சலிக் கூட்டம், படத்திறப்பு, நினைவு மலர் எல்லாம் நடக்கிறது. அதே வாரத்தில் அவர் வீட்டுப் பரணிலிருந்து இறங்கும் மூட்டைகளைப் பார்க்க ஆளில்லை. வாடகை வீடு, பிள்ளைகளிடம் இடமில்லை, பழைய பேப்பர்காரர் தராசோடு வாசலில் நிற்கிறார். ஒரு வாழ்நாள் சேகரம் கிலோக் கணக்கில் போய்விடுகிறது. குடும்பத்தாரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வாசலில் நாமல்லவா நின்றிருக்க வேண்டும்!

போவது என்ன தெரியுமா? 1959 ஜனவரியில் சி.சு.செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' 119 இதழ்கள் வந்து 1970இல் நின்றது. ந.பிச்சமூர்த்தி அதில் எழுதினார். திருகோணமலைக்காரரான தருமு சிவராமு எழுதினார். புதுக்கவிதை அங்கேதான் சண்டை போட்டு இடம்பிடித்தது. கவிதைகள் தொகுப்புகளில் கிடைக்கின்றன. மறுத்து எழுதியவர்களும், கோபப்பட்ட வாசகர்களும், சந்தா கேட்டு ஆசிரியர் எழுதிய நாலு வரியும் இதழ்களுக்குள் மட்டுமே உண்டு. இதழ் போனால் அந்தச் சண்டையும் போயிற்று.

புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். அவர் கதைகளுக்கு ஆ.இரா.வேங்கடாசலபதியின் செம்பதிப்பு வந்தது 2000இல். எந்தக் கதை எந்த இதழில் முதலில் வந்தது, பாடம் எங்கே மாறியது என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், யாரோ சிலர் பழைய இதழ்களை எறியாமல் வைத்திருந்ததுதான்.

அப்படி வைத்திருந்தவர்களில் ஒருவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதிய கலைஞர். 1992இல் அவர் மறைந்த பின் அந்தச் சேகரத்தை வாங்கிக் காப்பாற்றியது சிகாகோ பல்கலைக்கழகம். சென்னையில் அவர் பெயரால் நூலகம் 1994இல் எழுந்தது. கடல் கடந்து ஒருவர் வரும்வரை நாம் காத்திருந்தோம் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் எரித்தார்கள். சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. நம் பரண்களுக்குத் தீ வைக்க எவனும் வர வேண்டாம். ஐப்பசி மழையும் கரையானும் போதும். அந்தக் காலத்துச் செய்தித்தாள் காகிதம் மடித்த இடத்தில் அப்பளமாக நொறுங்குகிறது. தைத்த கம்பி துருப்பிடித்து நடுத்தாள் கையோடு வருகிறது.

ஆகவே மழைக்கு முன் இறங்குங்கள். உங்கள் ஊரின் மூத்த எழுத்தாளரைப் போய்ப் பாருங்கள். அவர் இருக்கும்போதே கேளுங்கள், அவர் சம்மதத்தோடு எடுங்கள். இதழின் பெயர், ஆண்டு, மாதம், எண் நான்கையும் குறியுங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், அது காகிதத்தைத் தின்றுவிடும். பைண்டிங் போடுகிறோம் என்று அட்டையையும் விளம்பரத்தையும் கிழிக்க விடாதீர்கள், அச்சகத்தின் பெயரும் விலையும் அங்கேதான் இருக்கின்றன. ரோஜா முத்தையா நூலகத்தைக் கேளுங்கள். ஈழத்து இதழ் என்றால் 2005 முதல் மின்வடிவில் சேர்த்துவரும் 'நூலகம்' திட்டத்தாரிடம் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிப்பது இருக்கட்டும். இந்த ஞாயிறே இரண்டு பேராகக் கிளம்புங்கள், தோழர்களே. ஒரு நோட்டும் பேனாவும் போதும்.