பந்தியிலே வஞ்சனை!

நிலம் விளைய மறுத்ததா? இல்லை. ஆலைகளில் எந்திரம் இல்லையா? இருந்தது. உழைக்கக் கரங்கள் இல்லையா? கோடிக்கணக்கில் இருந்தன. ஆயினும் 1933-ஆம் ஆண்டில், செல்வத்தில் திளைத்த நாடு என்று பேரெடுத்த அமெரிக்காவிலே, உழைப்பாளர் நால்வரில் ஒருவர் வேலையின்றி வீதியிலே நின்றார்! 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1930 முதல் 1933 வரை ஏறத்தாழ 9,000 வங்கிகள் வீழ்ந்தன. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்தவனின் பணம் பறிபோயிற்று.

அன்று ஆட்சியிலிருந்த ஹூவர் என்ன செய்தார்? வங்கிகளுக்கும் ரயில்வே கம்பெனிகளுக்கும் கடன் வழங்க 1932-இல் ஓர் அமைப்புக் கண்டார். பட்டினி கிடப்பவனுக்கு மத்திய அரசு நேராகப் பணம் தருவதோ? அது மக்களின் தன்னம்பிக்கையைக் கெடுக்கும் என்று கருதினார்! கம்பெனிக்குக் கொடுத்தால் கெடாத பண்பு, கஞ்சிக்கு இல்லாதவனுக்குக் கொடுத்தால் கெட்டுவிடுமாம்! முதல் உலகப் போரிலே உயிரைப் பணயம் வைத்த முன்னாள் வீரர்கள், தமக்கு உறுதியளிக்கப்பட்ட தொகையை உடனே தரும்படி தலைநகருக்கு வந்தனர். 1932 ஜூலையில் அவர்களைப் பட்டாளம் விட்டுக் கண்ணீர்ப்புகை வீசித் துரத்தினார்கள்.

1933 மார்ச்சில் ரூஸ்வெல்ட் வந்தார்; 'நியூ டீல்' எனும் சீர்திருத்தங்கள் வந்தன. வங்கிகளை மூடிச் சோதித்து, உறுதியானவற்றையே திறந்தார்கள். சேமிப்புக்கு அரசு காப்புறுதி தந்தது. வேலையற்ற இளைஞர் காடுகளிலே மரம் நட்டனர். மாதக் கூலி 30 டாலர்; அதில் 25 டாலர் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1935-இல் தொடங்கிய பொதுப்பணித் திட்டம், எட்டாண்டுகளில் ஏறத்தாழ 85 லட்சம் பேருக்கு வேலை தந்தது. அதே ஆண்டில் முதியோர் ஓய்வூதியமும் வேலையின்மைக் காப்புறுதியும் சங்கம் சேரும் உரிமையும் சட்டமாயின. 1938-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 25 சென்ட் என விதித்தார்கள்.

எல்லா நோயும் இதனால் தீர்ந்துவிடவில்லை. 1937-இல் அரசு செலவைச் சுருக்கியதும் மந்தம் மறுபடி தலைதூக்கியது. ஆனாலும், பசித்தவனைக் காப்பது அரசின் கடமை என்பது சட்டப் புத்தகத்திலே ஏறிவிட்டது.

அது ஒரு தலைவரின் கருணையால் மட்டும் ஏறியதா? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்! 1934-இல் சான்பிரான்சிஸ்கோவிலும் மினியாபொலிசிலும் வேலைநிறுத்தம் வெடித்தது. சட்டம் வந்த பிறகும் முதலாளிகள் அதை மதிக்கவில்லை. பிளிண்ட் நகரின் மோட்டார்த் தொழிலாளர் 1936 டிசம்பரில் ஆலைக்குள்ளேயே அமர்ந்தனர். 44 நாட்கள் அசையவில்லை. அதன் பின்னரே ஜெனரல் மோட்டார்ஸ் அவர்களது சங்கத்தை ஏற்றது.

ஆனால் தோழர்களே, அந்தப் பந்தியிலே ஒரு வஞ்சனையும் நடந்தது!

1935-இன் ஓய்வூதியச் சட்டத்திலும் சங்க உரிமைச் சட்டத்திலும் பண்ணைத் தொழிலாளிக்கு இடமில்லை. வீட்டு வேலைக்காரிக்கும் இடமில்லை. தென்மாநிலங்களின் கறுப்பின உழைப்பாளரில் பெரும்பாலோர் செய்தவை அந்த வேலைகள்தாம்! கணக்கு வைத்து வசூலிப்பது கடினம் என்று காரணம் சொன்னார்கள். நாடாளுமன்றத்திலே தென்மாநில நிலப்பிரபுக்களின் ஆட்கள் கோலோச்சியதை யார் மறைக்க முடியும்? பருத்திச் சாகுபடியைக் குறைக்க அரசு தந்த பணம் நிலச் சொந்தக்காரன் பைக்குப் போயிற்று. வாரத்துக்கு உழுதவர்களில் பலர் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஓய்வூதியம் அந்த ஏழைகளை எட்ட 1950-களின் திருத்தங்கள் வரவேண்டியிருந்தது. சங்க உரிமைச் சட்டமோ இன்றளவும் அவர்களை வெளியேதான் நிறுத்தியிருக்கிறது.

ஆகவே, எந்த அரசு எந்தச் சீர்திருத்தத்தைக் கொணர்ந்தாலும் நாம் கைதட்டுமுன் மூன்று கேள்விகள் கேட்போம். இது நாளை பறிக்கக்கூடிய சலுகையா, சட்டம் தரும் உரிமையா? பணம் யார் கைக்குப் போகிறது? பட்டியலில் பேர் இல்லாதவன் யார்?

விருந்தின் பெருமை பேசுபவன் விருந்தாளி. கடைசி இலைக்கும் சோறு வந்ததா என்று பார்ப்பவனே தோழன்!