எண்கள் பொருந்துகின்றன, உண்மை பொருந்துகிறதா?

அமெரிக்காவின் பழைய மஸில் கார்களைப் பற்றிப் பேசுவோர் இன்று ஒரு காரைக் கண்டவுடன் கேட்கும் முதற்கேள்வி, அது எப்படி ஓடுகிறது என்பதன்று. 'எண்கள் பொருந்துகின்றனவா?' என்பதே. என்ஜின் கட்டையில் அடித்த எண்ணும் வண்டியின் அடையாள எண்ணும் ஒத்துப்போனால் அது அசல், போகாவிடில் இரண்டாந்தரம். இந்த ஒற்றை அளவுகோல் கார்களைக் காக்கவில்லை, அவற்றின் வரலாற்றையும் காக்கவில்லை, பொய்யர்களுக்கு மட்டுமே பிழைப்பளித்திருக்கிறது என்பது நம் வாதம்.

இலக்கியம் பேசுமிடத்தில் கார் எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். மூலபாடம் எது, பிற்காலக் கை எது, ஏடெழுதுவோர் பிழை எது, வேண்டுமென்றே செய்த இடைச்செருகல் எது என்று மல்லுக்கட்டுவோர் நாம். பழைய கார்களின் உலகில் நடப்பதும் அதே வழக்குதான். ஒரு வேறுபாடு உண்டு: அங்கே ஒவ்வொரு பாடபேதத்துக்கும் டாலரில் விலை இருக்கிறது.

'அசல்' என்னும் சொல்லின் மீது இவ்வளவு பக்தி கொண்டோர் முதலில் இந்தக் கார்களின் பிறப்பைப் பார்க்கட்டும். 1964-ஆம் ஆண்டு மாடலாக வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வே இவ்வகையின் தொடக்கம் என்பர். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜினைப் பொருத்தலாகாது என்பது அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் விதி. ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் அந்த விதியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஜி.டி.ஓ.வைத் தனி மாடலாகக் காட்டாமல் டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கான கூடுதல் வசதித் தொகுப்பாகக் காட்டி, 389 கன அங்குல என்ஜினை உள்ளே நுழைத்துவிட்டார்கள். பெயரையோ ஃபெராரியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த இத்தாலியப் பெயரின் மூன்றாம் எழுத்து 'பந்தயத்துக்கென முறைப்படி அங்கீகரிக்கப்பட்டது' என்னும் பொருளுடைய சொல்லைக் குறிப்பது. பான்டியாக்குக்கு அப்படியோர் அங்கீகாரம் ஏதுமில்லை. முதல் ஆண்டில் 32,450 கார்கள் விற்றன.

அதோடு நிற்கவில்லை. 'கார் அண்ட் டிரைவர்' இதழ் 1964 மார்ச்சில் இரு ஜி.டி.ஓ.க்களையும் ஒப்பிட்டுப் பரபரப்பை உண்டாக்கியது. சோதனைக்கெனத் தரப்பட்ட பான்டியாக்குகளில் ஒன்றில் 389-க்குப் பதிலாக 421 கன அங்குல என்ஜின் ஒளிந்திருந்தது என்பதை, அதன் விளம்பரப் பொறுப்பிலிருந்த ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். ஆக, மஸில் கார் என்னும் கருத்தை நாடெங்கும் பரப்பிய கட்டுரைக்குப் பின்னாலேயே ஒரு பொருந்தாத என்ஜின் இருந்தது. கம்பெனிகள் அச்சிட்ட குதிரைத்திறன் கணக்குகளும் இந்த இலட்சணம்தான். செவ்ரொலே கமாரோ இசட்/28-க்கு 290 என்று எழுதினார்கள். அது குறைத்துச் சொன்ன கணக்கு என்பது ஓட்டியவர்க்கெல்லாம் தெரியும். விதியை ஏய்த்து, பெயரைக் கடன்வாங்கி, எண்ணை மாற்றிச் சொல்லிப் பிறந்த ஒரு குலத்தை, எண்ணின் தூய்மையால் அளக்கப் புறப்பட்டிருக்கிறோம்.

இனி எண்களின் செய்திக்கு வருவோம். 1981-இல்தான் அமெரிக்காவில் பதினேழு இலக்க அடையாள எண் பொதுமுறையானது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை. 1970-இன் செவ்ரொலே செவெல் எஸ்.எஸ். 454 காரை எடுத்துக்கொள்க. எல்.எஸ்.6 என்ஜினோடு 450 குதிரைத்திறன் என்று விளம்பரப்படுத்திய கார் அது. அதன் அடையாள எண்ணை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எட்டு சிலிண்டர் மாலிபு என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. எஸ்.எஸ். என்பது அவ்வாண்டில் ஒரு கூடுதல் வசதி மட்டுமே; என்ஜின் எது என்பதை அந்த எண் 1972 வரை குறித்ததில்லை. ஆகவே சாட்சி வேறிடத்தில் தேட வேண்டியதாகிறது: பெட்ரோல் டாங்கின் மேல் தொழிலாளி ஒட்டிவிட்டுப்போன கட்டுமானத் தாள், சீட்டின் கம்பிச் சுருள்களுக்குள் செருகிக் கிடந்த காகிதம், முதல் உரிமையாளர் பெட்டிக்குள் வைத்திருந்த ரசீது. எலி கடிக்காமலும் துரு தின்னாமலும் அவை பிழைத்திருந்தால் உண்டு.

கம்பெனிக் கம்பெனிக்கு நிலைமை வேறு. பான்டியாக்கின் பழைய விலைப்பட்டியல் பதிவுகள் பிழைத்திருக்கின்றன; பணம் கட்டினால் நகல் கிடைக்கும். ஃபோர்டின் 1967-க்குப் பிந்தைய உற்பத்திப் பதிவுகளைக் கொண்டு மார்ட்டி அறிக்கை தருகிறார்கள். கனடாவில் விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு அந்நாட்டுக் கிளை சான்று தருகிறது. அமெரிக்காவில் விற்ற செவ்ரொலேக்கு அப்படியொரு வாய்ப்பு இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் பொய் குடியேறியது.

செவ்ரொலே வி-8 என்ஜினின் வலப்பக்கத்தில், சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், ஒரு சிறு சமதளம் உண்டு. என்ஜின் செய்த ஆலை தன் குறியீட்டையும், காரைக் கோத்த ஆலை வண்டி எண்ணின் ஒரு பகுதியையும் அங்கேதான் அடித்தன. அந்தத் தளத்தைக் கடைந்த இயந்திரம் மெல்லிய இணைகோடுகளை விட்டுச் சென்றது. இப்போது ஒரு நேர்மையான பட்டறைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த என்ஜினைச் செப்பனிட, கட்டையின் மேற்பரப்பைச் சீராக இழைக்கிறார். கோடுகளும் போயின, எண்ணும் போயிற்று. கார் நன்றாக ஓடும், சாட்சி அழிந்தது. அடுத்து ஒரு மோசடிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அதே காலத்து வார்ப்புத் தேதியுள்ள வேறொரு கட்டையைத் தேடிப் பிடிக்கிறார். பழைய எண்ணை இழைத்து நீக்குகிறார். கோடுகளைப் போலியாக இழுக்கிறார். எண்ணைப் புதிதாக அடிக்கிறார். நேர்மையாளரின் காருக்கு விலை குறைகிறது. மோசடிக்காரரின் காருக்கு ஏறுகிறது. இப்படியொரு நீதியை ஏற்படுத்திவிட்டு, ஏன் ஊரெல்லாம் போலிகள் என்று வியப்பது பேதைமை.

இன்னொரு வகைக் காரும் உண்டு. பந்தயப் பாதையில் முதல் கோடையிலேயே என்ஜினை உடைத்துக்கொண்ட கார். வாரன்டியில் கம்பெனியே மாற்றுக் கட்டை கொடுத்தது. செவ்ரொலேயில் அத்தகைய கட்டைகளில் 'சி.ஈ.' என்னும் எழுத்துகள் இருக்கும். வண்டி எண் இராது. எது செய்யப் பிறந்ததோ அதைச் செய்து, அதன் காரணமாகவே உடைந்து, உரிய வழியில் செப்பனிடப்பட்ட கார் அது. மஸில் கார் என்ற பெயருக்கு அதைவிடத் தகுதியுடையது எது? நம் எண்பூசகர்கள் அதைத்தான் தீண்டத்தகாததாகத் தள்ளிவைக்கிறார்கள். வாரம் ஒருமுறை கடைக்குப் போய்வந்து, கூடத்தில் உறங்கிக் கழித்த காருக்கோ ஆலவட்டம் வீசுகிறார்கள்.

பணம் எவ்வளவு என்று தெரிந்தால் இந்த வெறியின் காரணம் விளங்கும். 426 கன அங்குல ஹெமி என்ஜினோடு 1971-இல் செய்த பிளிமத் குடா திறந்த கூரைக் கார்கள் ஒரு டஜனைத் தாண்டமாட்டா. அவற்றுள் ஒன்று 2014 ஜூனில் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போயிற்று. சிறிய என்ஜினோடு பிறந்த அதன் உடன்பிறப்பு இதில் மிகச் சிறு பங்குக்கே விலைபோகும். இரண்டையும் பிரிப்பது ஒரு தகடும் சில காகிதங்களும் என்றால், தகடு செய்வோரும் காகிதம் செய்வோரும் முளைக்காமல் என்ன செய்வார்கள்? 1969 கமாரோவின் முழு உடலையே புதிய தகட்டில் அடித்து டைனாகார்ன் என்னும் நிறுவனம் விற்கிறது. அதை வாங்குவது குற்றமன்று. புதிது என்று சொல்லி ஓட்டுவதும் குற்றமன்று. துருவேறிச் செத்த ஒரு காரின் எண் தகட்டைப் பெயர்த்து அதில் பதித்துவிட்டு, 'அரைநூற்றாண்டு பழைய கார்' என்று விற்பதே குற்றம்.

இப்போது மீட்டமைப்பு என்று சொல்லப்படும் கலையைப் பார்ப்போம். காரைக் கழற்றி, உடலைச் சுழல்சட்டத்தில் மாட்டி, வெற்று உலோகம் தெரியும்வரை சுரண்டி, பட்டி பூசி, கண்ணாடிபோல் பெயின்ட் அடிக்கிறார்கள். அக்காலத்தில் எந்த ஆலையும் அப்படிச் செய்ததில்லை. கதவிடுக்குகள் கோணலாயிருந்தன, பெயின்ட் வழிந்திருந்தது. இந்தக் குற்றச்சாட்டு கேட்டுக் கேட்டு அலுத்த மீட்டமைப்பாளர்கள் இப்போது மறுகோடிக்குப் போயிருக்கிறார்கள். ஆலையில் தவறித் தெறித்த பெயின்டை அளந்து தெறிக்கிறார்கள். பரிசோதகர் சாக்கட்டியால் கிறுக்கிய குறியைப் புகைப்படம் பார்த்து மீண்டும் கிறுக்குகிறார்கள். அதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

அந்தச் சாக்கட்டியைப் பிடித்த கை யாருடையது என்று கேட்போர் இல்லை. குடாக்களும் சேலஞ்சர்களும் உருவான இடங்களுள் முதன்மையானது, டெட்ராய்டை ஒட்டிய ஹாம்ட்ராம்க்கின் 'டாட்ஜ் மெயின்' ஆலை. 1968-இல் அங்கேதான் கறுப்பினத் தொழிலாளர்கள், வேகத்தை ஏற்றிக்கொண்டே போன உற்பத்தி வரிசையையும் நிறவேற்றுமையையும் எதிர்த்து 'டாட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கம்' கண்டார்கள். 1980-இல் ஆலை மூடப்பட்டது. பிறகு இடித்துத் தள்ளினார்கள். கதவிடுக்கு கோணலானதற்கும் பெயின்ட் வழிந்ததற்கும் அந்த வரிசையின் வேகத்தோடு தொடர்பில்லை என்று யார் சொல்வார்? வழிந்த பெயின்டைப் போற்றி, வழியவிட்ட காரணத்தை மறப்பது வரலாற்றுணர்வு ஆகாது, வெறும் அலங்காரம்.

வேறு வழி உண்டா என்பார்க்கு ஒரு காரைக் காட்டுகிறோம். 1968-இல் வந்த 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய பச்சை மஸ்டாங்கை, ஒரு குடும்பம் 1974-இல் ஏறத்தாழ 6,000 டாலருக்கு வாங்கி, வீட்டு வண்டியாக ஓட்டி, பின் பல்லாண்டுகள் நிறுத்தி வைத்திருந்தது. மெக்வீனே திரும்பக் கேட்டும் கொடுக்கவில்லை. 2018-இல் வெளியே வந்தபோது அது மங்கிய பெயின்டும் துருவுமாகவே இருந்தது. படக்குழுவினர் காமிரா பொருத்தப் பற்றவைத்த தாங்கிகள் அடியில் அப்படியே இருந்தன. அதை யாராவது 'ஆலையிலிருந்து வந்ததுபோல' மீட்டமைத்திருந்தால் முதலில் அரத்துக்கு இரையாகியிருப்பவை அந்தத் தாங்கிகளே. ஆலை அவற்றை வைத்ததில்லை அல்லவா? 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவின் கிசிமீ ஏலத்தில் கட்டணங்கள் உட்பட 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று. அந்தக் காரின் அசல்தன்மை, ஆலையை விட்ட பிறகு அதற்கு நேர்ந்தவற்றில் இருக்கிறது.

எண்ணை மட்டும் பார்ப்பதன் கொடுமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கான்சாஸ் சான்று. அங்கே ஒருவர் மீட்டமைத்த 1959 கார்வெட் ஒன்றை வாங்கிப் பதிவு செய்யப்போனார். எண் தகடு கழற்றி மாட்டப்பட்டிருப்பது 2017-இல் பரிசோதனையில் தெரிந்தது. கார் பறிமுதலானது, சட்டப்படி அதை அழித்துவிட வேண்டும் என்று அரசுத் தரப்பு நின்றது. வாங்கியவர் மீது குற்றமில்லை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மீட்டமைப்புக்காகத் தகட்டைக் கழற்றி மாட்டுவது குற்றமாகாது என்று அம்மாநிலம் 2022-இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. கழற்றியவர் அன்றே நான்கு புகைப்படமும் ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தால் வழக்கின் போக்கே வேறாயிருக்கலாம்.

'என் கார், என் விருப்பம்' என்பார்க்கு நம் பதில் எளியது. உங்கள் கூடத்தில் எதையும் செய்துகொள்ளுங்கள். சாதாரண மாலிபுவை எஸ்.எஸ். போல ஒப்பனை செய்தாலும் மகிழ்ச்சியே; அதை ஒப்பனை என்று சொல்லி விற்றால் அது நேர்மையான கைவினை. சொல்லாமல் விற்றால், ஓய்வூதியச் சேமிப்பைக் கொட்டி வாங்கும் ஒருவர் தலையில் கல்லைப் போடுகிறீர்கள். 'எண்ணை விட்டால் போலி பெருகாதா?' என்பார்க்கும் ஒன்று சொல்வோம். எண்ணை விடச் சொல்லவில்லை. பல சாட்சிகளுள் ஒன்றாக அதை நிறுத்துங்கள் என்கிறோம். ஒரே சாட்சியை நம்பும் வழக்கில் அந்த ஒருவரை விலைக்கு வாங்கினால் போதும்.

நாம் கேட்பவை மூன்று. மீட்டமைத்த ஒவ்வொரு காரோடும் எது பழையது, எது மாற்றியது, எது புதிதாகச் செய்தது என்னும் பட்டியல் உடன்வர வேண்டும். மாற்று என்ஜினை மாற்று என்றே எழுதும் காரை, ஐயத்துக்குரிய எண்ணைப் பொருத்திக் காட்டும் காருக்கு மேலாகப் போட்டிகள் மதிக்க வேண்டும். சுரண்டப்படாமல் எஞ்சியிருப்பவற்றைச் சுரண்டாமல் விட வேண்டும்; ஒரு பெயின்டைப் பத்துமுறை அடிக்கலாம், ஆலையில் அடித்ததை மறுமுறை அடிக்க முடியாது.

நல்ல பதிப்பாசிரியர் தாம் திருத்திய இடத்தை அடிக்குறிப்பில் சொல்வார். சொல்லாமல் திருத்தியவரை நாம் பதிப்பாசிரியர் என்று அழைப்பதில்லை. இரும்புக்கும் அதே நியாயந்தான்.