சட்டை அழுக்கானால்தான் என்ன?

"ஆயாம்மா, பாப்பா இன்னிக்கு என்ன எழுதினா?"

சாயங்காலம் காப்பகத்திலிருந்து பிள்ளையை அழைத்து வரும்போது பல அம்மாக்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். இரண்டாவது கேள்வி, "கவுன் ஏன் இவ்வளவு அழுக்கு?"

இந்த இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒரு கேள்வி கேளுங்கள் என்பதுதான் என் கட்சி. "பாப்பா இன்னிக்கு என்ன விளையாடினா?"

"விளையாடறதுக்கா மாசாமாசம் பணம் கட்டறோம்? அதான் வீடு இருக்கே!" என்று உங்களுக்குத் தோன்றலாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு விட்டு மாலை ஆறு மணிக்கு அழைத்து வந்தால், முழுசாக ஒன்பது மணி நேரம். வீட்டுக்கு வந்ததும் குளியல், சாப்பாடு, தூக்கம். அப்புறம் விளையாட ஏது நேரம்? அங்கே விளையாட்டு இல்லை என்றால், வாரத்தில் ஐந்து நாள் அந்தக் குழந்தைக்கு விளையாட்டே இல்லை!

சரி, எழுத்துக்கு வருவோம். மூன்று வயதுக் குழந்தை கையில் பென்சிலைக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் முஷ்டியை மடக்கி, கரண்டி மாதிரிதான் பிடிக்கும். அது முரண்டு அல்ல, இயற்கை. விரல் நுனிகளால் பென்சிலைப் பிடிக்கும் பக்குவம் பல குழந்தைகளுக்கு நாலு, ஐந்து வயசில்தான் படிகிறது. அதற்கு முன் விரல்களுக்குத் தேவை பலம். சப்பாத்தி மாவை உருட்டுவது, ஈரத்துணியைப் பிழிவது, பச்சைப் பட்டாணியை உரிப்பது, நனைந்த மணலை அள்ளிக் கோபுரம் கட்டுவது... இவைதான் அசல் கையெழுத்துப் பயிற்சி. ஈரம், சொரசொரப்பு, சூடு, கனம் என்று கையால் தொட்டு அறிகிறபோதுதான் அந்த வார்த்தைகளுக்கும் அர்த்தம் பிறக்கிறது.

இது புதுசாக யாரோ கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1907-ல் ரோம் நகரில் குழந்தைகளுக்கான தன் முதல் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி ஒரு டாக்டர். எழுத்துக்களைச் சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டி, விரலால் தடவ வைத்துத்தான் கற்றுக் கொடுத்தார். அவரே 1939-ல் நம்ம சென்னைக்கு வந்து, அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்! மூளை வளர்ச்சியில் 85 சதவிகிதத்துக்கும் மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்கிறது 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. அதையொட்டி 2022-ல் வந்த பாடத்திட்ட வரைவும், மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை விளையாட்டு வழியாகத்தான் கற்றுத்தர வேண்டும் என்கிறது.

அடுத்தது கற்பனை விளையாட்டு. ஒன்றரை வயசு வாக்கில் கரண்டி டெலிபோனாகும். அப்புறம் மேஜைக்கு அடியில் வீடு, கொட்டாங்குச்சியில் இட்லி, மரப்பாச்சிக்கு ஜுரம். தடுப்பூசி போட்டு வந்த குழந்தை, மறுநாளே பொம்மைக்கு ஊசி போடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? ஆஸ்பத்திரியில் அது ஊசி குத்திக் கொண்ட குழந்தை. இங்கே அதுவே டாக்டர்! பயம் இப்படித்தான் கரைகிறது. "நீ கடைக்காரர், நான் கஸ்டமர்" என்று நாலு வாண்டுகள் சேரும்போது, பேச்சு வளர்கிறது, தன் முறைக்குக் காத்திருக்கும் பொறுமையும் வருகிறது. எந்த ஒர்க் புக்கும் இதைச் சொல்லித் தராது.

இதற்குப் பதில் சில காப்பகங்களில் நடப்பது என்ன? டி.வி.யைப் போட்டு வரிசையாக உட்கார வைப்பது. இரண்டு வயதுக்குள் டி.வி., செல்போன் திரை வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. ஒன்று முதல் நாலு வயதுக் குழந்தைகள் தினம் மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்பதும் அதே அறிவுரைதான்.

ஆயாவை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். பத்துப் பதினைந்து வாண்டுகளை மண்ணிலும் தண்ணீரிலும் இறக்கிவிட்டு, மறுபடி எல்லோரையும் கழுவித் துடைப்பது லேசான வேலையா? அதற்கும் மேல், "ஏன் அழுக்கு?" என்று வாசலில் நாலு அம்மாக்கள் முறைத்தால், மறுநாள் அவர் டி.வி.யைத்தான் போடுவார். காப்பகம் எப்படி நடக்கிறது என்பதை நம் கேள்விகள்தான் தீர்மானிக்கின்றன.

"மண்ணில் விளையாடினால் வியாதி வராதா?" என்றும் கேட்பீர்கள். எச்சரிக்கை வேண்டியதுதான். இவற்றை மட்டும் கவனியுங்கள்:

* மூன்று வயதுக்குள் புளியங்கொட்டை, வேர்க்கடலை, மணி, கோலி போன்றவை கூடவே கூடாது. மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிடும். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை எந்த வயதிலும் கொடுக்காதீர்கள். மென்றுவிட்டால் கொடிய விஷம்.

* சத்தம் போடும் பொம்மைகளில் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

* தண்ணீர் விளையாட்டின்போது பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். முடிந்ததும் டப்பைக் கவிழ்த்துவிட வேண்டும். சில அங்குலத் தண்ணீரே ஆபத்து.

* நாய், பூனை அசிங்கம் செய்யாமல் மணலை மூடி வைக்க வேண்டும். நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவினால் புழுத் தொல்லை வெகுவாகக் குறையும். அங்கன்வாடியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையையும் தவற விடாதீர்கள்.

* சில குழந்தைகளுக்குப் பிசுபிசுப்பே ஆகாது. வற்புறுத்த வேண்டாம், ஒரு ஸ்பூனைக் கொடுத்துப் பாருங்கள். சாப்பாடு, துணி, சத்தம் என்று எல்லாவற்றுக்குமே மிரண்டால் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

இதற்கெல்லாம் விலை உயர்ந்த பொம்மை எதுவும் தேவையில்லை. சொப்புச் சாமான், அட்டைப் பெட்டி, பழைய துப்பட்டா, மரக்கரண்டி போதும். உங்கள் பங்குக்கு இரண்டு பழைய சட்டைகளைப் பையில் வைத்து அனுப்புங்கள். "அழுக்கானா பரவாயில்லைம்மா, நல்லா விளையாட விடுங்க" என்று நீங்களே ஆயாம்மாவிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அவருக்கும் தெம்பு தரும்.

மாசத்துக்கு ஒரு பாக்கெட் சோப்புத்தூள் கூடுதலாகச் செலவாகும். ஆகட்டுமே!