கோட்டை அங்கேயே இருக்கிறது, பேருந்து நிலையம்தான் நகர்ந்துவிட்டது

திருவண்ணாமலை மாவட்டச் சேத்துப்பட்டின் நெசவாளர் சங்கம் ஒன்றுக்குத் தள்ளுபடி மானியம் வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மாவட்டத்தில் தீராத விஷயம் தலைநகருக்கு வந்தால், ஏற வேண்டிய படிகள் மூன்று: பல காலமாகப் பாரிமுனைக் குறளகத்தில் இயங்கிய கைத்தறி இயக்ககம், எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் தலைமையகம், புனித ஜார்ஜ் கோட்டையில் துறைச் செயலகம். நம் நகரமைப்பாளர்கள் சென்னையின் அரசு வட்டாரத்தை இந்தப் படிகளை ஏற வரும் நெசவாளரின் நடையில் அளந்து பார்க்க வேண்டும்.

2002 நவம்பர் வரை வெளியூர்ப் பேருந்துகள் பிராட்வேக்கே வந்தன. இறங்கினால் எதிரே குறளகம், பக்கத்தில் உயர் நீதிமன்றம், நடக்கும் தூரத்தில் கோட்டை. நெரிசல் தாங்க முடியாததாக இருந்தது உண்மை. ஆனால் ஊரிலிருந்து வந்தவர் ஆட்டோ பிடிக்காமலே மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்ப முடிந்தது. பிறகு நிலையம் கோயம்பேட்டுக்குப் போனது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. வந்தவாசி வழியாக வரும் சேத்துப்பட்டுக்காரர் இப்போது கோட்டைக்கு முப்பது கிலோமீட்டருக்கும் முன்பே இறங்கிவிடுகிறார். திறந்த நாளில் அந்த நிலையத்தின் வாசலில் ரயிலும் இல்லை, மெட்ரோவும் இல்லை.

ஆனால் அரசு அலுவலகங்கள் எங்கே இருக்க வேண்டும் என்ற விவாதத்துக்கு நம்மிடம் ஒருநாளும் பஞ்சமில்லை. எம்.ஜி.ஆர். திருச்சியைத் தலைநகராக்க நினைத்தார். 2003இல் ராணி மேரிக் கல்லூரி வளாகத்தில் தலைமைச் செயலகம் கட்ட ஜெயலலிதா அரசு முனைந்தபோது மாணவிகள் போராடித் தடுத்தார்கள். 2010 மார்ச்சில் ஓமந்தூரார் தோட்டத்தில் ஜெர்மானிய நிறுவனம் வடிவமைத்த புதிய வளாகத்தைப் பிரதமர் மன்மோகன் சிங் திறந்தார். அடுத்த ஆண்டே ஆட்சி மாறி, செயலகம் கோட்டைக்குத் திரும்பியது. 2014 முதல் அங்கே பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை நடக்கிறது. எத்தனை நோயாளிகளுக்கு அது உயிர் கொடுத்திருக்கிறது என்பதை நினைத்தால் அந்தக் கட்டடம் வீணானது என்று சொல்ல மனம் வராது. ஆனாலும் இத்தனை விவாதத்திலும் மனுவோடு வருபவர் எங்கே இறங்குவார், எங்கே உட்காருவார் என்ற கேள்வி மேலே எழவே இல்லை.

மலேசியாவில் பிரதமர் அலுவலகம் 1999இல் புத்ரஜாயாவுக்குப் போனது. 2002இல் ரயிலும் போய்ச் சேர்ந்தது. இங்கே அலுவலகங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, வந்து சேரும் வழிதான் விலகிக்கொண்டே போகிறது.

இப்போது ஒரு வாய்ப்பு கையில் இருக்கிறது. பிராட்வே நிலையமும் குறளகமும் இருந்த இடத்தில் பேருந்து நிலையமும் அலுவலகங்களும் சேர்ந்த ஒருங்கிணைந்த வளாகம் திட்டமிடப்பட்டுள்ளது. அதன் வரைபடம் கையில் வரும் நம் நகரமைப்பாளர்கள் முகப்பைப் பார்க்குமுன் தரைத்தளத்தைப் பார்க்கட்டும். கிளாம்பாக்கத்திலிருந்து விடியற்காலையில் நேராக வரும் பேருந்துக்கு அங்கே இடம் உண்டா? பை வைக்க அறை, பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை, எந்தத் துறைக்கு எந்த மாடி என்று தமிழில் பெரிய எழுத்தில் பலகை, கோட்டைவரை நிழலோடு அறுபடாத நடைபாதை, ராஜாஜி சாலையைக் கடக்கும் இடத்தில் முதியவர் நடைக்கு ஏற்ற சிக்னல் நேரம்: இவற்றைக் கட்டி முடித்த பிறகு ஒட்டவைக்க முடியாது. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே எழுதியாக வேண்டும்.