எழும்பாத மா

சென்ற டிசம்பர் விடுமுறையில் கடை ஈஸ்ட் போடாமல் பாண் சுட ஆசைப்பட்டேன். கோதுமை மாவையும் தண்ணீரையும் கலந்து ஒரு போத்தலில் புளிக்க வைத்தேன். இரண்டாம் நாளே நுரை பொங்கியது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நான்காம் நாள் நுரை அடங்கி, மேலே சாம்பல் நிறத்தில் தண்ணீர் நின்றது. கொட்டப் போனேன்.

"கொட்டாதே மகள், அது பசியில கிடக்கு" என்றார் உம்மம்மா. அப்ப மா கரைத்துப் பழகிய கை அவருடையது.

அவர் சொன்னது சரிதான் என்று பிறகு வாசித்து அறிந்தேன். முதலில் பொங்கும் நுரை பெரும்பாலும் ஈஸ்டால் வருவதல்ல. வேறு பற்றீரியாக்களின் வேலை அது. மா புளிக்கப் புளிக்க அவை அடங்கிவிடும். புளிப்பைத் தாங்கும் ஈஸ்டும் லக்டிக் அமில பற்றீரியாக்களும் அதன்பின் மெதுவாகப் பெருகும். நமக்குச் செத்ததுபோலத் தெரியும் அந்த நாட்களில்தான் உண்மையான வேலை நடக்கிறது.

தினமும் 50 கிராம் புளிமாவை மட்டும் வைத்துக்கொண்டு, 50 கிராம் மாவும், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் 50 கிராமும் சேர்த்தேன். குழாய் நீரின் குளோரின் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. எங்கள் மலைநாட்டுக் குளிருக்குப் போத்தலை அடுப்படியில் வைத்தேன். ஒன்பதாம் நாள் ஆறு மணித்தியாலத்தில் மா இருமடங்கானது.

அந்த விடுமுறையில்தான் தங்கையின் தவணை அறிக்கையும் வந்தது. கணிதத்தில் 38. "இவளுக்குப் படிப்பு வராது" என்றார் பெரியம்மா. வாப்பா டியூஷனை மாற்றப் பார்த்தார். அந்த வருடத்தில் அது மூன்றாவது மாற்றம். எங்கே விளங்கவில்லை என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போத்தலைப் பார்த்த பிறகுதான் கேட்டேன். பின்னங்களிலேயே நின்றுவிட்டிருந்தாள். ஆறாம் வகுப்புக் கணக்கிலிருந்து தினமும் அரை மணித்தியாலம் இருவரும் உட்கார்ந்தோம். அடுத்த தவணையில் 46. எட்டுப் புள்ளிதான். ஆனால் இப்போது கணக்குக் கொப்பியை ஒளிப்பதில்லை.

பொறுமை என்றால் சும்மா இருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். பட்டினி போட்டுவிட்டுக் காத்திருந்தால் எந்த மாவும் எழும்பாது. எல்லாவற்றுக்கும் காத்திருக்கவும் கூடாது. புளிமாவில் இளஞ்சிவப்புக் கோடு கண்டால் அது கெட்டுவிட்டது, கொட்டத்தான் வேண்டும். ஆனால் மெதுவாக இருப்பது வேறு, கெட்டுப்போவது வேறு. இரண்டையும் ஒன்றாக்குவதுதான் நாம் அடிக்கடி செய்யும் பிழை.

அன்பான பெற்றோரே, அறிக்கை கைக்கு வரும் நாளில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் புள்ளியைக் கேட்க முன்னர், உங்கள் பிள்ளைக்கு எங்கே விளங்காமல் போனது என்று கேளுங்கள். தோழியரே, நீங்களும் உங்களை அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள்.