36-ஆ, 38-ஆ? மரத்தைக் கேளுங்க!

திருமுல்கேரியில குப்பை கொட்ட ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு. போன மாசம் ஒரு வீட்டுக்கடன் ஃபைல். ஷாமிர்பேட் பக்கம் மனை, வாங்குறவர் துபாயில இருக்கும் நம்மூர்க்காரர். மதிப்பீட்டு அறிக்கையில சாட்டிலைட் படம், அது மேல மனைக் கோடு, கறுப்புல மனை எண். அடியில கரும்பச்சை மரம்! 36-ஆ, 38-ஆ? லென்ஸ் வச்சும் தெரியலை. பத்திர நகல்ல 36. அளந்துட்டு வந்தது 38. மனுஷன் இதே படத்தை நம்பி அட்வான்ஸ் வேற கொடுத்துட்டார்.

"படம் சும்மா பார்வைக்குத்தானே சார்"ங்கிறார் மதிப்பீட்டாளர். பார்வைக்குன்னா கண்ணுக்குத் தெரிய வேணாமா?

இதொண்ணும் பிரம்ம வித்தை இல்லீங்க. எழுத்தைச் சுத்தி மெல்லிசா வெள்ளை விளிம்பு, அவ்வளவுதான். க்யூஜிஐஎஸ்னு இலவச மென்பொருள்ல 'பஃபர்'னு ஒரு டிக் அடிச்சா போதும். மரமோ தார்ரோடோ, எழுத்து தனியா எழுந்து நிக்கும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்து சர்வே ஆஃப் இந்தியா ஷீட்லயே உயரக்கோட்டை நறுக்கி எண்ணுக்கு வழி விட்டிருப்பாங்க. வரைபடத்துல பேரை எங்க வைக்கணும்னு எட்வர்ட் இம்ஹோஃப்ங்கிற சுவிஸ்காரர் 1962-ல தனிக் கட்டுரையே எழுதினார். நம்மாளுங்களுக்கு ஒரு டிக் கஷ்டமா இருக்கு.

தமிழ்ல பேர் போட்டா இன்னும் வம்பு. எழுத்து சிறுத்தா முதல்ல காணாமப் போறது புள்ளிதான். 'பட்டி' 'படடி' ஆயிடும்.

வெளிநாட்டு மக்களே, எண் தெரியாத படம் வந்தா திருப்பி அனுப்புங்க. தமிழ்நாட்டு மனைன்னா அரசு இணையதளத்துல புலப்படம் எடுத்து சர்வே எண்ணை ஒத்துப் பாருங்க. அந்த ஃபைலை நான் திருப்பிட்டேன். மதிப்பீட்டாளர் இப்போ எனக்கு வணக்கம் வைக்கிறதில்லை.